பிரசவ மேசையில் போட்ட காப்பர் டி, தாய்வீட்டில் தங்கிப்போன கார்டு

தை மாதம் அவர் எங்கள் ஓ.பி.க்கு வந்தபோது இடுப்பில் ஒன்பது மாதக் கைக்குழந்தை, வயிற்றில் நான்கு மாதம். வயிற்றில் இருப்பது அவருக்கே முந்தின வாரம்தான் தெரியும். தலைசுற்றல் என்று வந்தவருக்கு ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.1, ரத்தக்குறைவு. வயது 22.

செட்டிநாட்டுக்குள் இருக்கும் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். மருத்துவமனையின் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். ஊர் விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கேஸ் சறுக்கியதே அங்கேதான். புகுந்த வீடு தேவகோட்டைப் பக்கம், அது சிவகங்கை மாவட்டம். பிறந்த வீடு திருமயம் பக்கம், அது புதுக்கோட்டை மாவட்டம். நமக்கு இரண்டும் செட்டிநாடுதான், பெண் கொடுக்கிறோம், எடுக்கிறோம், ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் சுகாதாரத் துறைக் கணக்கில் அவை வேறு வேறு மாவட்டம், வேறு துணை சுகாதார நிலையம், வேறு கிராம சுகாதார செவிலியர்.

கணவர் சமையல் வேலை. கல்யாணச் சமையலுக்குக் குழுவோடு போகிறவர், முகூர்த்த மாதங்களில் மதுரை, திருச்சி, சென்னை என்று அலைந்துகொண்டே இருப்பார், ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் வீட்டில் இருப்பார். இவரும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தவர். முதல் குழந்தை பெண், சுகப்பிரசவம், பங்குனியில் பிறந்தது.

இரண்டாவது எப்படித் தங்கியது என்று கேட்டால் கதை எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். பால் கொடுக்கிறவளுக்குத் தூரம் வராது, தூரம் வராதவளுக்குப் பிள்ளை தங்காது என்று அம்மாவும் அப்பத்தாவும் சொல்லியிருக்கிறார்கள். அது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். தாய்ப்பாலே ஒரு கருத்தடை முறைதான், ஆனால் மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, தண்ணீர்கூட இல்லாமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பி வந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் நூற்றுக்கு 98 பேருக்குக் கரு தங்காது. ஒன்று போனாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. இவர் நான்காம் மாதத்திலேயே வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார், வீட்டில் குழந்தைக்குப் பசும்பாலும் ராகிக் கூழும் கொடுத்திருக்கிறார்கள். மாதவிடாய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதால், பிரசவத்துக்குப் பிறகான முதல் மாதவிடாய்க்கு முன்னாலேயே கரு தங்கிவிட முடியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. புரட்டாசியில் கணவர் வீட்டில் இருந்தார். நாள் தள்ளிப்போனது தெரியவே இல்லை, ஏனென்றால் தள்ளிப்போக அங்கே நாளே இல்லை.

முதல் பிரசவம் முடிந்து வேறொரு இடத்தில் டிஸ்சார்ஜ் ஆனபோது என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "மூணு வருஷம் கழிச்சுப் பாத்துக்கங்கன்னு சொன்னாங்க சிஸ்டர்" என்றார். எப்படித் தள்ளிப்போடுவது என்று யாரும் சொல்லவில்லையா என்றால், இல்லை. யாரையும் குறை சொல்லி எழுதவில்லை, நானே அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பல வருடம்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இவருக்கு இருந்தது ஆறு மாதம். முதல் பிரசவத்தில் இழந்த இரும்புச்சத்து திரும்பிச் சேருவதற்குள் அடுத்த குழந்தை அதை எடுக்க ஆரம்பித்துவிட்டது. 8.1 என்ற எண் அதைத்தான் சொல்கிறது.

மாசி, பங்குனி, சித்திரை

எங்கள் டாக்டரம்மா இந்தப் பெண்ணின் அட்டையில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தார். இரும்புச்சத்து ஊசி டிரிப்பில் பல தடவை ஏற்றினோம். அதற்காக அவர் வந்து இரண்டு மணி நேரம் படுத்திருப்பார், அந்த நேரத்தில்தான் பேச முடிந்தது. குடும்பக்கட்டுப்பாடு பற்றிப் பேசுகிற இடம் பிரசவ அறை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். காப்பர் டி என்பது கருப்பைக்குள் வைக்கிற, செம்பு சுற்றிய சின்னக் கருத்தடைச் சாதனம். இடுப்புவலியில் துடிக்கிற பெண்ணிடம் போய் "காப்பர் டி போட்டுக்கிறியா, இங்கே கையெழுத்துப் போடு" என்றால் அவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். அது சம்மதம் ஆகாது. வேறு இடங்களில் பிரசவமான பெண்கள் சிலர் தங்கள் வயிற்றுக்குள் காப்பர் டி இருப்பதே தெரியாமல் எங்களிடம் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அழுததை நான் மறக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்தால் அந்தத் தெருவே அடுத்த பத்து வருடம் காப்பர் டி என்ற பேச்சையே எடுக்காது.

டிரிப் ஏறும் நேரத்தில் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். அவருடைய விருப்பம் தெளிவாக இருந்தது: "ரெண்டு ஆயிருச்சுல்ல, கையோட ஆபரேஷனையும் பண்ணி விட்டுருங்க." தமிழ்நாட்டில் இது இயல்பான பேச்சு. கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், தற்காலிக முறை எதையும் தொடாமலே நேரே ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அதில் ஏராளம். விதிப்படி பார்த்தால் இவருக்கும் தகுதி உண்டு, 22 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு குழந்தைக்காவது ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும், பிரசவ நேரத்தில் இரண்டும் சரியாக இருக்கும். ஆனால் அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போன நேரம் இவர் மெதுவாகச் சொன்னார், "இப்ப வேணாம் சிஸ்டர். எனக்கு யோசிக்கணும்." அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் கேட்கவில்லை. 22 வயதில் ஒருவர் யோசிக்க வேண்டும் என்று சொன்னால் அதுவே போதுமான காரணம்.

அப்புறம் மூன்று தடவை வந்தபோதும் கருத்தடை முறைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசினோம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பால் கொடுக்கும் தாய்க்கு ஆறு வாரம் கழித்துப் போடலாம். சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது, பிரசவமான உடனேயே தொடங்கலாம், முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இரண்டும் 2017-லிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வந்தவை. கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியை 2023-இல் சில மாநிலங்களின் சில மாவட்டங்களில் மத்திய அரசு தொடங்கியது, ஆனால் எங்கள் மருத்துவமனையில் அப்போது கிடையாது, இல்லாததைக் காட்டி ஆசை காட்டுவதில்லை. மாத்திரை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், இரண்டு கைக்குழந்தைகளோடு கிழமை எது என்பதே மறந்துபோகும் என்றார். கணவர் எப்போது வருவார் என்று சரியாகச் சொல்ல முடியாத வீட்டில், போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய ஒன்றுதான் ஒத்துவரும் என்று அவர் வாயாலேயே வந்தது.

காப்பர் டி என்றதும் அம்மா கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் ஒரு பெரிய வளவு வீட்டில் பித்தளை, செம்புச் சாமான் துலக்குகிற வேலை பார்ப்பவர். "செம்புங்கிறீங்க. புளி போட்டு ஒரு வாரம் துலக்காட்டி களிம்பு ஏறிரும். உள்ளுக்குள்ள பத்து வருஷம் கெடந்தா களிம்பு ஏறி விஷமா ஆகாதா?" என்றார். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று அறிந்த கையின் கேள்வி அது, சிரித்துக் கடத்தக் கூடாது. அதிலிருந்து தினமும் கரைகிற செம்பு நாம் சாப்பாட்டில் எடுத்துக்கொள்கிற செம்பைவிட மிகக் குறைவு என்று சொன்னேன். கரைவதுதான் அதன் வேலையே, அந்தத் துளிச் செம்புதான் விந்தணுக்களை ஓடவிடாமல் செய்கிறது, கரு உருவாகாமல் தடுக்கிறது. ஹார்மோன் இல்லை, பால் குறையாது. காப்பர் டி 380ஏ என்ற அதன் பெயரில் இருக்கும் 380 என்பது அதில் சுற்றியிருக்கும் செம்பின் பரப்பளவு, சதுர மில்லிமீட்டர் கணக்கில். பத்து வருடம் தாங்கும். வேண்டாம் என்றால் அடுத்த வாரமே எடுத்துவிடலாம். நூறு பெண்களுக்குப் போட்டால் முதல் வருடத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கரு தங்கும். ஒரு காப்பர் டி-யை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். உருட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா" என்றார்.

கெடுதலையும் சொன்னேன். மாதவிடாய் கூடுதலாகப் போகும், வயிறு வலிக்கும், முதல் சில மாதம். ரத்தக்குறைவு இருப்பவருக்கு அதைக் கவனிக்க வேண்டும், ஆனால் அதற்காகப் போடக் கூடாது என்றில்லை. பிரசவ மேசையிலேயே போட்டால் வழுவி வெளியே வந்துவிடுகிற வாய்ப்பு சாதாரண நாளில் போடுவதைவிட அதிகம், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்குப் பத்து பேருக்கு அருகில் வருகிறது, சுகப்பிரசவத்தில் சிசேரியனைவிடக் கூடுதல். அப்படியிருந்தும் ஏன் அப்போதே போடுகிறோம் என்றால், "ஆறு வாரம் கழிச்சு வந்து போட்டுக்கிறேன்" என்று போகிற பெண்களில் பலர் திரும்பி வருவதில்லை. பச்சை உடம்புக்காரியைப் பஸ் ஏற்றி யார் கூட்டிவருவது? திரும்பி வருவதற்குள் இவரைப் போல அடுத்தது தங்கிவிடும்.

அவர் சரி என்றார். கணவரிடம் போனில் அவரே பேசினார். மாமியார் மட்டும் இந்தப் பேச்சில் எங்குமே இல்லை, அவர் தேவகோட்டைப் பக்கம் இருந்தார், நாங்களும் கூப்பிடவில்லை. அது எங்கள் முதல் தவறு.

வைகாசி, விடியற்காலை

37 வாரம். வலி எடுத்து இரவு பதினொன்றுக்கு வந்தார். பனிக்குடம் உடைந்தது ஒரு மணிக்கு, குழந்தை பிறந்தது ஐந்து மணிக்கு. பெண், 2.3 கிலோ, நன்றாக அழுதாள். ஹீமோகுளோபின் அதற்குள் 9.6 வரை ஏறியிருந்தது.

போடக்கூடாத நிலைமைகளை அந்த நேரத்தில் மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறதா, காய்ச்சலோ நாற்றமடிக்கும் நீரோ உண்டா, உதிரம் நிற்காமல் போகிறதா, பெரிய கிழிசல் இருக்கிறதா. ஒன்றும் இல்லை. நச்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது, கருப்பை தேங்காய் மாதிரி இறுகிவிட்டது. மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன், "ஆத்தா, அன்னைக்குப் பேசினோமே, காப்பர் டி, இப்பப் போடட்டுமா? வேணாம்னா வேணாம், ஒண்ணும் இல்லை." தலையை ஆட்டி "போடுங்க" என்றார்.

நச்சுக்கொடி வந்த பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும், தவறினால் 48 மணி நேரத்துக்குள். அதையும் தாண்டினால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும், நடுவில் போடக் கூடாது. முறை இதுதான். கருப்பை வாயை இரண்டு தடவை மருந்தால் துடைத்து, முன் உதட்டை ரிங் ஃபோர்செப்ஸால் மெதுவாகப் பிடித்து, நீளமான கெல்லி ஃபோர்செப்ஸில் காப்பர் டி-யை உறைக்குள்ளேயே கை படாமல் கவ்வி எடுத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். கீழ்ப்பகுதி தாண்டியதும் இடது கையை வயிற்றின் மேல் வைத்துக் கருப்பையை மேலே, தலைப்பக்கமாகத் தள்ள வேண்டும். பிரசவம் முடிந்த கருப்பை முன்னால் மடங்கிக் கிடக்கும், தள்ளினால்தான் வளைவு நேராகும், ஃபோர்செப்ஸ் உச்சியைத் தொடும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் நடுவழியில் விட்டுவிட்டு உச்சியில் விட்டதாக நினைத்துக்கொள்வோம். உச்சி தட்டியது தெரிந்ததும் ஃபோர்செப்ஸைத் திறந்து, பக்கவாட்டில் நகர்த்தி, லேசாகத் திறந்தபடியே வெளியே எடுக்க வேண்டும், மூடிக்கொண்டு எடுத்தால் காப்பர் டி-யின் அடியில் கட்டியிருக்கும் நூல் மாட்டிக் கூடவே வந்துவிடும். நூல் அப்போது வெளியே தெரியாது. கருப்பை சுருங்கச் சுருங்க அது தானாகக் கீழே இறங்கி வரும்.

அன்று பக்கத்து மேசையில் இன்னொரு பெண்ணுக்குத் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. நான் உச்சியைத் தொட்டேனா? தொட்டேன் என்றுதான் அன்று எழுதினேன். இன்று கேட்டால், இடது கையை எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. சரியாகப் போட்டாலும் வழுவுவதுண்டு, கருப்பை சுருங்கும்போது தானே தள்ளிவிடும். ஆனாலும் இந்தக் கேஸில் என் கையின் பங்கை நான் விலக்கிவைக்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். போட்ட தேதி, வகை, எத்தனை வருடம் என்று எழுதிய கார்டை அம்மாவின் கையில் கொடுத்து, "நாப்பத்தஞ்சாம் நாள் கூட்டியாங்க, நூல் பார்க்கணும்" என்றேன்.

எழுபதாம் நாள்

ஆடி கடைசியில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து தனியாக இரண்டு பஸ் ஏறி வந்து நின்றார். குளிக்கும்போது கையில் நூல் தட்டுப்படுகிறது, போன வாரத்தைவிட நீளமாகத் தெரிகிறது என்றார். வீட்டில் மூத்த மருமகள், அது மேலே ஏறி நெஞ்சுக்குள் போய்விடும், இழுத்து எறி என்றாராம். நல்லவேளை, இழுக்கவில்லை.

கார்டு எங்கே என்று கேட்டேன். அம்மா வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது.

நடந்தது இதுதான். ஆடி பிறந்து கணவர் ஊருக்கு வந்ததால் நாற்பதாம் நாளே பெண்ணையும் பிள்ளைகளையும் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நாற்பத்தைந்தாம் நாள் கூட்டிவரச் சொன்னது அம்மாவிடம், அம்மா இருந்தது வேறு மாவட்டத்தில். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசியைப் புகுந்த ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் நாள் தவறாமல் போட்டிருக்கிறார்கள். அந்தச் செவிலியர் குழந்தையைப் பார்த்தார், எடை போட்டார், ஊசி போட்டார். தாய்க்குள் ஒரு காப்பர் டி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் யாரும் சொல்லவில்லை. மாமியாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா பார்த்தார். கருப்பை வாயிலிருந்து ஆறு சென்டிமீட்டர் போல நூல், அதன் மேல் வெள்ளைத் தண்டின் நுனி எட்டிப் பார்க்கிறது. பிரசவத்தோடு போட்ட காப்பர் டி-யில் நூல் நீளமாகத் தொங்குவது சகஜம்தான், உச்சியில் இருந்து தொடங்கிய நூல் கருப்பை சுருங்கியதும் மிச்சமாகிவிடும், கொஞ்சம் வெட்டிவிட்டால் போதும். தண்டு தெரிந்தால் அது வேறு விஷயம். ஸ்கேனில் பார்த்தால் காப்பர் டி கருப்பைக்குள்ளே இல்லை, கழுத்தில் இறங்கி நிற்கிறது. பாதி வழுவியது. அந்த இடத்தில் இருந்து அது கருவைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

கணவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "மறுபடியுமா சிஸ்டர்?" என்று கேட்டார், அந்தக் குரலை எழுத எனக்குத் தெரியவில்லை.

சிறுநீர் சோதனையில் கரு இல்லை. ஆனால் அதைவிட எனக்குத் தைரியம் கொடுத்தது வேறு ஒன்று. குழந்தைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டதற்கு, "தாய்ப்பால் மட்டுந்தான், தண்ணிகூட கொடுக்கல, நீங்கதானே சொன்னீங்க" என்றார். குழந்தைக்கு எழுபது நாள், பால் மட்டும், மாதவிடாய் வரவில்லை. மூன்று நிபந்தனையும் அப்படியே இருந்தது. போன தடவை எந்தத் தாய்ப்பாலை நம்பி ஏமாந்தாரோ, அதே தாய்ப்பால் இந்தத் தடவை, சரியாகக் கொடுத்ததால், நாங்கள் விட்ட ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் சோதனை செய்தோம், அப்போதும் இல்லை.

வழுவியதை டாக்டரம்மா நூலைப் பிடித்து எடுத்துவிட்டார். அதன் பிறகு எல்லா முறையையும் மறுபடி முதலிலிருந்து பேசினோம், ஒரு தடவை தவறியதால் பயந்து வேறு எதையாவது கேட்பார் என்று நினைத்தேன். காப்பர் டி-யே போடச் சொன்னார். பால் கொடுக்கும் காலத்தில் கருப்பைச் சுவர் மென்மையாக இருக்கும், துளை விழுகிற ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஒருவர் என்கிற அளவுதான் என்றாலும், அதையும் சொல்லித்தான் போட்டோம். கரு இல்லை என்று உறுதியாக இருந்ததாலும் காய்ச்சலோ புண்ணோ இல்லாததாலும் அன்றே போட முடிந்தது. டாக்டரம்மாவே ஆழம் அளந்து, உச்சியில் வைத்து, நூலைச் சரியாக வெட்டிவிட்டார். ஸ்கேனில் காட்டினோம், திரையில் அந்த வெள்ளைக் கோட்டை அவரே விரலால் தொட்டுப் பார்த்தார்.

கார்டு ஏன் தொலைகிறது

இந்தக் கேஸுக்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசினோம். மாதக் கூட்டத்தில் எத்தனை பேருக்குக் காப்பர் டி போட்டீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும். எத்தனை பேருக்கு ஆறு வாரத்தில் நூல் பார்த்தீர்கள் என்பதற்கு அந்த அழுத்தம் கிடையாது.

பெண்கள் கவனமில்லாதவர்கள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கான பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்), ஆதார் நகல், பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் பாலிதீன் கவரில் போட்டு மழையில் நனையாமல் கொண்டுவருகிறார்கள். (முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது இதோ பக்கத்தில் புதுக்கோட்டையில்தான். டிரிப் ஏறும்போது சில பெண்களிடம் நான் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு, இந்த ஊர்ப் பக்கத்துப் பெண் அந்தக் காலத்திலேயே டாக்டருக்குப் படித்தார் என்றால் கண் விரியும்.) அதே கவருக்குள் குழந்தையின் தடுப்பூசி அட்டையும் இருக்கும், அதை யாரும் தொலைப்பதில்லை. குழந்தை எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த அட்டையும் போகிறது, எந்த மாவட்டச் செவிலியரும் அதை வாங்கிப் பார்க்காமல் ஊசி போட மாட்டார். காப்பர் டி-க்குத் தனியாக ஒரு சின்னக் கார்டைக் கொடுத்து, அதைப் பாட்டியின் கையில் ஒப்படைத்து, அது பத்திரமாகத் தகரப் பெட்டிக்குள் போனதில் அவர் தவறு என்ன?

இப்போது நாங்கள் அந்தத் தாய் சேய் நல அட்டையின் தடுப்பூசிப் பக்கத்திலேயே, ஒன்றரை மாத ஊசிக்கு நேராக, சிவப்பு மையில் எழுதிவிடுகிறோம்: "தாய்க்கு காப்பர் டி உள்ளது, நூல் பார்க்க அனுப்பவும்." தாய் விரும்பினால் மட்டும்தான் எழுதுகிறோம், அட்டையை வீட்டில் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள் என்பதால் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். வேண்டாம் என்பவரின் சொந்த போன் எண்ணை வாங்கிக்கொள்கிறோம், ஆறாவது வாரம் நாங்களே கூப்பிடுகிறோம். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டு ஊர்ப் பெயரையும் ரிஜிஸ்டரில் எழுதுகிறோம், நாற்பத்தைந்தாம் நாள் எந்த வீட்டில் இருப்பாய் என்று கேட்கிறோம். டிஸ்சார்ஜ் அன்று தாயிடமே மூன்று விஷயம் சொல்கிறோம்: நூல் திடீரென்று நீளமானாலோ, கட்டியாகத் தட்டுப்பட்டாலோ, துணியில் காப்பர் டி விழுந்திருந்தாலோ நாளைக் கடத்தாமல் வா. அடிவயிற்று வலியோடு காய்ச்சலும் நாற்றமும் இருந்தால் அன்றே வா. எடுக்க வேண்டும் என்றாலும் வா, காரணம் கேட்டு விரட்ட மாட்டோம்.

மாமியார்களையும் இப்போது கூப்பிட்டுப் பேசுகிறோம், பெண் சம்மதித்தால். இவருடைய மாமியார் விஷயத்தில் அது தாமதமாகத்தான் நடந்தது. ஏழாம் மாதம் முதல் மாதவிடாய் வந்தது, ஏழு நாள் போனது, அடுத்த மாதமும் அப்படியே. மருமகளைக் கூட்டிக்கொண்டு அவரே வந்து சத்தம் போட்டார், "இப்புடி உதிரம் போனா உடம்புல என்ன இருக்கும்? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை என்பது உண்மை. முடிவு மருமகளுடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் உதிரம் போகும்போது வெந்நீர் வைத்துக் கொடுப்பதும் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொள்வதும் அவர்தானே. ஹீமோகுளோபின் 10.2-லிருந்து 9.8-க்கு இறங்கியிருந்தது. வலிக்கும் உதிரத்துக்கும் மாதவிடாய் நாட்களில் போடும் மாத்திரை கொடுத்தார் டாக்டரம்மா, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து, மூன்று மாதத்தில் அடங்கும், அடங்காவிட்டால் எடுத்துவிடலாம் என்று மாமியாரிடமே சொன்னார். "அயித்தை, இருக்கட்டும், பாப்போம்" என்றது அந்தப் பெண்தான். நான்காவது மாதவிடாய் ஐந்து நாளில் நின்றது. முருங்கைக்கீரையும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) அந்த மாமியார் கையால் எவ்வளவு போனது என்று கணக்கில்லை.

இரண்டாவது பிரசவமாகி இரண்டேகால் வருடம் கழித்து, ஆவணியில், அவர் மறுபடி வந்தார். இரண்டு பெண்களும் கூட வந்திருந்தார்கள், மூத்தவளைப் பால்வாடியில் சேர்த்தாயிற்று. "சிஸ்டர், எடுத்துருங்க" என்றார்.

அறைக்கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன், பையன் வேண்டும் என்று யாராவது நெருக்குகிறார்களா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அயித்தைக்கு ஆசைதான். ஆனா அதுக்காக இல்ல. எனக்கே இன்னொண்ணு வேணும்னு இருக்கு. பொண்ணாப் பொறந்தாலும் சரிதான், அதோட ஆபரேஷன் பண்ணிக்குவேன்" என்றார். அந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி சமாதானம் இருக்கலாம். அதைப் பிரித்து எடுக்கிற உரிமை எனக்கு இல்லை. வார்டில் ஒருவர் "இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் எடுக்கத்தானே வந்திருக்கிறாள்" என்று வருத்தப்பட்டார். எனக்கு வருத்தம் இல்லை, முன்னே கரு தங்கியது அவருக்குத் தெரியாமலே, இது அவர் நாள் பார்த்துக் கேட்டது.

எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நூல் இருக்கும் இடத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் பார்த்தோம், 11.3. ஃபோலிக் ஆசிட் மாத்திரை முப்பது எண்ணிக் கொடுத்தோம். சின்னவள் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தாள், அதை வாங்கி, நாங்கள் சிவப்பில் எழுதியிருந்த வரியின் பக்கத்தில் "எடுக்கப்பட்டது" என்று தேதி போட்டுக் கொடுத்தேன்.